பொது அலையில் பூட்டுப் போட்ட செய்திகள்

இலங்கையும் இந்தியாவும் அடங்கும் மூன்றாம் வானொலி வலயத்தில், 7 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அமெச்சூர் வானொலிக்காரருக்கு ஒதுக்கப்பட்ட இடம் 7.000 முதல் 7.200 வரை, மொத்தம் 200 கிலோஹெர்ட்ஸ். 2009 மார்ச் 29 வரை அதிலும் பாதிதான் அவர்களுக்கு. மேற்பாதி ஒலிபரப்பு நிலையங்களிடம் இருந்தது. ஒரு குரல் உரையாடலுக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோஹெர்ட்ஸ் தேவை. பட்டை முழுவதையும் குரலுக்கே கொடுத்தாலும் ஒரே நேரத்தில் எண்பது உரையாடல்களுக்கு மேல் இடமில்லை. மோர்ஸ், எண்ணிம முறைகள் எல்லாவற்றுக்கும் பங்கு போட்டால் இன்னும் குறையும். இவ்வளவு சிறிய இடத்தில் ஆசியாவின் பாதி கூடுகிறது. எந்த அதிர்வெண்ணும் எவருக்கும் சொந்தமில்லை. முதலில் கேட்க வேண்டும், வெறுமையாக இருந்தால் அழைப்புக்குறியைச் சொல்லிப் பேசலாம், யாராவது பேசிக்கொண்டிருந்தால் விலக வேண்டும். நூறு ஆண்டாக இந்தத் துறையை நடத்திவருவது பெரும்பாலும் இந்த ஒழுக்கம்தான்.

அந்த ஒழுக்கத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. கேட்பவருக்கு, கேட்பது என்னவென்று புரிய வேண்டும். மோர்ஸிலும் குரலிலும் அது தானாகவே அமைந்திருந்தது. கணினி வந்து, எழுத்தும் கோப்பும் ஒலித்துடிப்புகளாக மாறியபோதுதான் சிக்கல் தொடங்கியது. சில முறைகளின் குறியை யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம். சிலவற்றை அதற்குரிய கருவியையோ மென்பொருளையோ வாங்கியவர் மட்டுமே படிக்கலாம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதைப் பற்றிப் பல ஆண்டுகளாக வழக்காடுகிறார்கள். நான் இதை இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்திலிருந்து பார்க்க விரும்புகிறேன். அங்கே நின்று பார்க்கும்போது கேள்வியின் முகமே மாறிவிடுகிறது.

சப்ரகமுவத் தோட்டங்கள் நுவரெலியாவைப் போலத் தொடர்ச்சியாகப் பரந்தவை அல்ல. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை என்று சிங்களக் கிராமங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடப்பவை. மேலே தேயிலை, கீழே இறப்பர். தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் பல செங்குத்துச் சரிவின் அடியிலோ விளிம்பிலோ நிற்கின்றன. தென்மேற்குப் பருவமழை கடலிலிருந்து வந்து முட்டும் முதல் மலைகளில் இவையும் அடக்கம். 2003 மே மாதத்து வெள்ளமும் மண்சரிவும் நாடளவில் இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயின; இரத்தினபுரிக்குத்தான் பலத்த அடி. 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே என்ற மூன்று கிராமங்களின் மீது மலை இறங்கியது. அதே நாட்களில் புளத்கொஹுபிட்டியவில் ஒரு தோட்டத்தின் லயங்களும் புதைந்தன. அடுத்த ஆண்டு மே மாதம் மறுபடி களுகங்கை பெருகியது.

மழை அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் எனப் படிப்படியாக எச்சரிக்கை நிலைகளை வைத்திருக்கிறது. 150ஐத் தொட்டாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ, ஆட்களை வெளியேற்ற வேண்டும். ஆனால் ஒரு தோட்டத்தின் மேற்பிரிவான மேல்கணக்கில் பெய்யும் மழையும் கீழ்க்கணக்கில் பெய்யும் மழையும் ஒன்றல்ல. அளவெடுப்பவர் அந்தந்த இடத்திலேயே இருக்க வேண்டும்; எடுத்த அளவு மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்குப் போக வேண்டும்; வெளியேறும்படி வரும் சொல் தமிழில் திரும்பி வர வேண்டும். எச்சரிக்கை தமிழில் வந்துசேரத் தாமதமாகிறது என்பது மலையகத்தின் பழைய முறைப்பாடு. மின்சாரம் போய்ச் சில மணி நேரத்தில் கோபுரத்து மின்கலங்களும் தீர்ந்துவிட்டால், கைத்தொலைபேசி வெறும் டோர்ச் விளக்காகிவிடும்.

இந்த இடத்தில் சிற்றலையின் ஒரு குணம் கைகொடுக்கிறது. வீ.எச்.எஃப். வோக்கிடோக்கி நேர்கோட்டில் செல்வது. இடையில் ஒரு மலை முதுகு வந்தால் அதோடு சரி. 7 மெகாஹெர்ட்ஸ் அலையை ஏறக்குறைய செங்குத்தாக மேலே அனுப்பினால், பகல் வேளையில் அயன மண்டலம் அதைத் திருப்பிச் சுற்றிலும் முன்னூறு, நானூறு கிலோமீற்றருக்குத் தூவிவிடும். மலை குறுக்கே நிற்க வழியில்லை. இலங்கைத் தீவே ஏறத்தாழ அதற்குள் அடங்கிவிடும். அதற்கு இருபது மீற்றர் கம்பியும், அதை ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கில் கட்ட இரண்டு மரங்களும், மோட்டார்சைக்கிள் மின்கலம் ஒன்றும், ஐந்து வாற்று அனுப்பி ஒன்றும் போதும். மரத்துக்கு இறப்பர்த் தோட்டத்தில் பஞ்சமில்லை.

இலங்கையில் இது ஏட்டுச் சுரைக்காயாக நின்றுவிடவில்லை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் தெற்கே தொலைபேசிகள் அற்றுப்போனபோது, இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த விக்டர் குணத்திலக்கவும் தோழர்களும் அம்பாந்தோட்டைக்குப் போய்ச் சிற்றலை நிலையம் அமைத்துக் கொழும்பில் பிரதமர் அலுவலகத்தோடு இணைப்பு ஏற்படுத்தினார்கள். அதே வேளையில் அந்தமானில், ஓர் அபூர்வத் தீவிலிருந்து ஒலிக்கும் இன்பத்துக்காகப் போயிருந்த பாரதி பிரசாத் என்ற இந்திய அமெச்சூர் வானொலியாளர், போர்ட் பிளேயரிலிருந்து உறவினர்களின் செய்திகளைக் கரைக்குக் கடத்தினார். இரண்டு இடத்திலும் பொருத்தமான அலைவாங்கி வைத்திருந்த எவரும் ஒட்டுக்கேட்டிருக்கலாம். கேட்டவர்கள் உதவவும் முடியும். தேவையில்லாமல் நடுவில் புகாமல் ஒதுங்கவும் முடியும். அந்தத் திறந்த தன்மை பற்றி அன்று யாரும் பேசவில்லை, ஏனென்றால் குரலில் அது கேட்காமலே கிடைத்தது.

எண்ணிம முறைகளில் அதை ஒருவர் கொடுத்தால்தான் உண்டு. கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனின் பீற்றர் மார்ட்டினேஸ் 1998இல் பி.எஸ்.கே.31 என்ற முறையை வெளியிட்டபோது அதன் எழுத்துக் குறி அட்டவணையை ஊரறியக் கொடுத்தார். சில மாதங்களில் உலகெங்கும் அதற்கு மென்பொருள்கள் எழுதப்பட்டன. அமெரிக்காவின் ஜோ ரெய்லர், துடிவிண்மீன் ஆய்வுக்காக 1993இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர். விண்வெளி இரைச்சலுக்குள் மெலிந்த துடிப்பைத் தேடிய அதே கலையை அமெச்சூர் வானொலிக்குக் கொண்டுவந்து, 2001 முதல் வரிசையாக மென்பொருள்களை வெளியிட்டார். 2005 முதல் அவற்றின் மூலநிரல் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது. 2017இல் ஸ்டீவ் ஃபிராங்கேயுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய எஃப்.டி.8 இன்று உலகில் மிக அதிகமாகப் புழங்கும் அமெச்சூர் எண்ணிம முறை. ஒரு செய்தி பிடிக்கும் அகலம் 50 ஹெர்ட்ஸ். அது போய்ச்சேர ஒதுக்கிய நேரம் 15 விநாடி. சுற்றியுள்ள இரைச்சல் தன்னைவிட நூறு மடங்குக்கு மேல் வலுவாக இருந்தாலும் செய்தியைப் பிரித்து எடுத்துவிடும்.

மூலநிரல் திறந்திருந்ததன் பலனை ஓராண்டிலேயே காண முடிந்தது. எஃப்.டி.8இல் அழைப்புக்குறி, இடம், சமிக்ஞை வலு தவிர வேறெதுவும் பெரிதாகப் பேச முடிவதில்லை என்று குறைபட்ட ஜோர்டன் ஷெரர் என்ற அமெரிக்கர், அதே நிரலை எடுத்துத் திருத்தி, விசைப்பலகையில் தட்டி உரையாடவும், இடையிலிருக்கும் நிலையம் வழியே செய்தியைக் கைமாற்றவும் ஜே.எஸ்.8 கோல் என்ற முறையை உண்டாக்கினார். யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு வரலாறும் பக்கத்திலேயே ஓடுகிறது. ஜெர்மனியில் பிறந்த பாக்டர் முறையின் முதல் பதிப்பு திறந்திருந்தது. இரண்டாம், மூன்றாம், நான்காம் பதிப்புகள் அதை உருவாக்கிய நிறுவனத்தின் மோடெமை வாங்கியவர்களுக்கு. விலை ஆயிரம் டொலரைத் தாண்டும். ஸ்பெயினின் வாரா என்ற முறைக்குக் கருவி வேண்டாம், கணினியும் ஒலி அட்டையும் போதும். ஆனால் மூலநிரல் மூடியது, முழு வேகத்துக்கு 69 டொலர் கட்டணம். இலங்கைத் தோட்டத் தொழிலாளிக்கு 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாய். அறுபத்தொன்பது டொலர் என்பது அந்தக் கணக்கில் பதினைந்து நாள் கொழுந்து. தோட்டத்துப் பிள்ளை ஒருவர் பரீட்சை எழுதி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் உரிமம் பெற்று, பழைய மடிக்கணினியோடு வந்து நிற்கும்போது, முதல் கதவே விலை கேட்கிறது.

இந்த இரண்டு முறைகளும் பெரும்பாலும் வின்லிங்க் என்ற வானொலி மின்னஞ்சல் அமைப்புக்காகப் பயன்படுகின்றன. வின்லிங்க் பயனற்றது என்று நான் சொல்லமாட்டேன். இணையம் அறுந்த தீவில் நின்று, இணையம் உள்ள நாட்டின் நிலையமொன்றைச் சிற்றலையில் பிடித்து மின்னஞ்சல் அனுப்பலாம். பெயர்ப்பட்டியல், மருந்துப்பட்டியல், இணைப்புக் கோப்பு எல்லாம் பிழையின்றிப் போகும். நடுக்கடலில் பாய்மரப் படகோட்டிகளுக்கும், சூறாவளி அடித்த கரிபியனில் நிவாரண ஊழியர்களுக்கும் அது உதவியிருக்கிறது. கேள்வி அதன் பயனைப் பற்றியதல்ல.

கேள்வி, மூன்றாமவர் அதைப் படிக்க முடியுமா என்பது. இந்த முறைகளில் இரண்டு நிலையங்கள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டும் சரியாக வந்ததா என்று கேட்டுக்கேட்டு அனுப்பும். அலையின் நிலைக்கேற்ப வேகத்தை மாற்றும். செய்தியைச் சுருக்கியும் வைக்கும். நடுவில் இருந்து கேட்பவருக்கு ஒரு துண்டு தவறினால் மறுபடி அனுப்பச் சொல்ல வழியில்லை. சுருக்கிய கோப்பில் ஒரு துண்டு போனால் மீதியும் பெரும்பாலும் வீண். சர்ச்சை முற்றிய பிறகு பாக்டர் நிறுவனம் கேட்டறியும் மென்பொருள் ஒன்றை வெளியிட்டது. வின்லிங்க் அமைப்பும் கடந்த செய்திகளை உரிமம் பெற்றவர்கள் பார்க்க இணையப் பக்கமொன்றைத் திறந்தது. நல்லதுதான். ஆனால் அலையில் போனதைத் தெரிந்துகொள்ள இணையத்துக்குப் போ என்று சொல்வது, இணையம் இல்லாத நாளுக்காகவே இந்தத் துறையைக் கட்டியவர்களிடம் சொல்லக்கூடிய பதிலா?

சட்டம் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. 2003இல் கூடிய உலக வானொலி மாநாட்டில் திருத்தப்பட்ட சர்வதேச வானொலி விதிகளின்படி, வெவ்வேறு நாட்டு அமெச்சூர் நிலையங்களுக்கிடையே செல்லும் செய்தியைப் பொருள் மறைக்கும் நோக்கத்தோடு குறியாக்கம் செய்யக்கூடாது. செயற்கைக்கோளுக்கு இடும் கட்டளைக்கு மட்டும் விலக்கு. மூடிய முறைக்காரர்கள் சொல்வது: எங்கள் நோக்கம் வேகம், மறைப்பதல்ல. எழுத்தளவில் அவர்கள் சொல்வது சரி. (தமிழில் பேசுவதும் ஜப்பானியருக்குப் புரியாது, அதை யாரும் மறையாக்கம் என்பதில்லை. தமிழைக் கற்க அகராதி கடையில் கிடைக்கிறது.) ஆனால் அலைக்கற்றை விற்பனைக்கு உரியதாக இருந்தால் கோடிக்கணக்கில் ஏலம் போயிருக்கும். அதை இலவசமாகக் கொடுத்ததற்குப் பதிலாக உலக நாடுகள் கேட்டது, வணிகம் செய்யாதே, மறைத்துப் பேசாதே என்ற இரண்டு வாக்குறுதிகளை. இரண்டாவதை யாரும் சரிபார்க்க முடியாதபடி ஆக்கிவிட்டால் முதலாவதையும் சரிபார்க்க முடியாது. ஓர் ஏற்றுமதிக் கம்பனியின் விலைப்பட்டியல் அந்த மின்னஞ்சலுக்குள் போனால், காவல் நிற்பது யார்? அமெச்சூர் பட்டைகளுக்குத் தனிக் காவல்துறை கிடையாது. கேட்கும் காதுகள்தான் காவல்.

2019இல் அமெரிக்காவில், அமெச்சூர் எண்ணிம முறைகள் அனைத்தும் இலவச மென்பொருளால் முழுமையாகப் படிக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று ஒருவர் தொடர்பாணையத்திடம் மனுக் கொடுத்தார். பெரும் விவாதம் நடந்தது, அது விதியாகவில்லை. மாறாக 2023 நவம்பரில் ஆணையம் வேறொன்று செய்தது: விநாடிக்கு 300 குறி என்ற பழைய வேக வரம்பை நீக்கி, 2.8 கிலோஹெர்ட்ஸ் என்ற அகல வரம்பை வைத்தது. அகல வரம்பு நியாயமான அளவுகோல்தான். ஆனால் திறந்த தன்மை பற்றிய கேள்வி அப்படியே நிற்க, வேகமான மூடிய முறைகளுக்குக் கதவு இன்னும் அகலமாகிவிட்டது.

அகலத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஆளில்லா நிலையம். குரலும் இரண்டரை கிலோஹெர்ட்ஸைப் பிடிக்கிறது, ஆனால் பேசுகிறவர் காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் பேசுகிறார். வின்லிங்க் நிலையங்களில் பல, ஆளில்லாமல் நாள் முழுவதும் காத்திருந்து, அழைப்பு வந்ததும் தானாகப் பதில் சொல்பவை. அழைக்கிறவர் தன் இடத்தில் அலை வெறுமை என்று நினைத்து அழைக்கிறார். ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள இயந்திரமும் பதில் தருகிறது. இரண்டுக்கும் நடுவே, இறக்குவானையில் ஐந்து வாற்றில் மழை அளவு சொல்லிக்கொண்டிருப்பவரை இருவருமே கேட்டிருக்க மாட்டார்கள். ஏனென்றால் செங்குத்தாக எறிந்த அவருடைய மெல்லிய அலை தீவுக்கு வெளியே தெளிவாகப் போய்ச்சேராது. அலை வெறுமையா என்று பார்க்கும் உணரி இயந்திரத்தில் இருந்தாலும், இவ்வளவு மெலிந்ததை அது ஆளாகவே மதிப்பதில்லை. லயத்துப் பீலியில் வரிசை நிற்கும்போது, ஆளில்லாத ஒரு பீப்பாய் தானாக வந்து குழாயடியில் உட்கார்ந்து நிரம்பும்வரை எழும்பாவிட்டால் எப்படி இருக்கும், அப்படித்தான் இது. பீப்பாய் யாருடையது, உள்ளே என்ன என்று பார்க்கவும் முடியாது என்றால், சண்டை போடக்கூட ஆளில்லை.

திறந்த முறைகள் எல்லாம் புண்ணியாத்மாக்கள் என்று நினைக்க வேண்டாம். எஃப்.டி.8 வந்த பிறகு 7.074இல் உலகமே மூன்று கிலோஹெர்ட்ஸுக்குள் நெரிசல் படுகிறது. ஐந்து வாற்று போதுமான இடத்தில் ஐநூறு வாற்றைப் போடுகிறவர்கள் உண்டு. அதையும் ஆளில்லாமல் ஓட விடுகிறவர்கள் உண்டு. வித்தியாசம் ஒன்றுதான். செய்கிறவரின் அழைப்புக்குறி எல்லோர் திரையிலும் தெரிகிறது. திட்டலாம், எழுதிக் கேட்கலாம், சங்கத்தில் சொல்லலாம்.

சப்ரகமுவவுக்கு உண்மையில் என்ன தேவை என்று பார்த்தால் வாதத்தின் பாதி கரைந்துவிடும். ஒரு நிலையத்திலிருந்து பெரிய கோப்பு போக வேண்டிய தேவை அங்கே குறைவு. முப்பது தோட்டங்களிலிருந்து முப்பது சின்னச் செய்திகள் வர வேண்டியதுதான் அவசரம்: இடம், மழை அளவு, நேரம். எஃப்.டி.8இல் சொந்தமாக எழுதும் செய்திக்கு 13 எழுத்து இடமுண்டு. இந்த மூன்றும் அதற்குள் அடங்கும். இடத்தைச் சொல்ல உலகப் பொதுக் கட்டக் குறி ஏற்கெனவே இருக்கிறது. கிழக்கு 80 பாகைக் கோடு கொழும்புக்கும் அவிசாவளைக்கும் இடையே விழுவதால், கொழும்பு எம்.ஜே.96 கட்டத்திலும், இரத்தினபுரி நகர் என்.ஜே.06இலும், கேகாலை நகர் என்.ஜே.07இலும் வருகின்றன, இன்னும் இரண்டு எழுத்துச் சேர்த்தால் சில கிலோமீற்றர் துல்லியம் கிடைக்கும். முப்பது நிலையங்கள் ஆளுக்கு 50 ஹெர்ட்ஸ் எடுத்தாலும் ஒன்றரை கிலோஹெர்ட்ஸ்தான். அகல வாக்கில் பார்த்தால், பாக்டர் மூன்றாம் பதிப்பின் ஒரேயொரு தொடர்பு அதைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். அமெச்சூர் நிலையம் தோட்டக் கம்பனியின் அலுவலக வானொலியாக முடியாது என்பது உண்மை. ஆனால் அனர்த்த நேரத்துக்கு ஆயத்தமாக நிலையங்களை அனுமதிக்கும்படி சர்வதேச விதிகளே நாடுகளை ஊக்குவிக்கின்றன.

அந்தரங்கம் பற்றிய எதிர்வாதத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். இறந்தவர் பெயரும் நோயாளி விவரமும் ஊரறியப் போகலாமா? போகக்கூடாது. அதற்கு உரிய வழி, அந்த வகைச் செய்திக்கு அரசு, இராணுவ, செஞ்சிலுவை வலையமைப்புகளைப் பயன்படுத்துவது. அவற்றுக்குத் தனி அலைவரிசைகள் இருக்கின்றன, மறையாக்கம் அங்கே சட்டபூர்வமானது. பொதுப் பட்டையை அதற்காகப் பூட்டுவது வசதிக்காகச் செய்யும் காரியம்.

தமிழுக்கு இதில் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. எஃப்.டி.8இன் 13 எழுத்துகளும் 42 குறிகள் கொண்ட பட்டியலிலிருந்து வர வேண்டும்: ஆங்கில எழுத்து, எண், சில நிறுத்தக்குறி. தமிழுக்கு இடமில்லை. பி.எஸ்.கே.31இன் அட்டவணை ஆங்கிலத்தில் அதிகம் வரும் எழுத்துக்குக் குறைந்த துடிப்பு என்ற கணக்கில் அமைந்தது. ஒருங்குறித் தமிழை அதில் அப்படியே ஏற்றினால் ஒவ்வொரு எழுத்துறுப்பும் மூன்று பைட்டுகளாகி, அட்டவணையின் நீளமான பகுதியில் விழும். ‘மண்சரிவு’ என்ற சொல் போய்ச்சேர ஏறத்தாழ 10 விநாடி. அதற்குரிய ஆங்கிலச் சொல்லுக்கு 2 விநாடி. தமிழில் அதிகம் வரும் எழுத்துகளுக்குக் குறுகிய துடிப்புகளைக் கொடுத்து ஒரு தமிழ் அட்டவணை செய்தால், தமிழும் அதே இரண்டு விநாடிக்கு வந்துவிடும். இந்த வேலையைப் பாக்டருக்குள் யாரும் செய்ய முடியாது. வாராவுக்குள்ளும் செய்ய முடியாது. திறந்த முறைக்குள் ஒரு பல்கலைக்கழக மாணவர் ஒரு பருவத்தில் முடித்துவிடலாம்.

என் தீர்ப்பு இதுதான். எண்ணிமக் குரல் முறைகளில், குரலைத் துடிப்பாக்கும் பூட்டிய குறிமாற்றியைச் சகித்துக்கொண்ட தவறை (ஆஸ்திரேலியாவின் டேவிட் ரோவ் திறந்த மாற்று ஒன்றை எழுதித் தந்த பிறகும் பெரும்பாலான கடைக் கருவிகள் பழையதிலேயே நிற்கின்றன) எழுத்தில் நாம் செய்ய வேண்டியதில்லை. ஆளில்லா நிலையங்களுக்குப் பட்டையின் ஒரு மூலையை எல்லை கட்டிக் கொடுக்க வேண்டும், அதற்கு வெளியே அவை வரக்கூடாது. முழு விவரமும் வெளியிடப்படாத முறையை அவசரகாலத்தின் ஒரே பாதையாக எந்த மாவட்டத் திட்டமும் ஏற்கக்கூடாது. இலங்கையில் உரிமம் பெற்றவர்கள் இன்னும் சிறு கூட்டம்தான். பழக்கம் இறுகும் முன் வானொலிச் சங்கமும் ஆணைக்குழுவும் இதை எழுதி வைப்பது எளிது.

பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகத்துக்குக் கணினிப் பீடம் இருக்கிறது. அங்கே தமிழ் மாணவர்களும் படிக்கிறார்கள். இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிற ஒருவர் அந்தத் தமிழ் அட்டவணையை எடுத்துக்கொள்ளட்டும். முடித்ததும் மூலநிரலோடு சேர்த்து அதைப் பொதுவில் வெளியிட வேண்டும். வெளியிடாத வரை அதை அலையில் ஏற்ற அவருக்கும் உரிமை இல்லை.